முதல் தெரிவில் யாரை எடுப்பது?

மாரி ஓய்ந்து மைதானத்தில் தண்ணீர் வற்றியதும், கிழக்கிலங்கையில் ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரைக்கும் மென்பந்து (டென்னிஸ் பந்து) கிரிக்கெட் சுற்றுப்போட்டிகள் தொடங்கிவிடும். முன்பு கழகத்துக்குக் கழகம் மோதுவதுதான் வழக்கம். இப்போது பல ஊர்களில் ‘பிரீமியர் லீக்’ என்று பெயர் வைத்து, ஊர் வீரர்கள் எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டு, அணிக்காரர்கள் முறை வைத்துப் பிரித்து எடுக்கிறார்கள். அந்த ட்ராஃப்ட் நாள் நெருங்கினால் தேத்தண்ணிக் கடையில் வேறு கதையே கிடையாது. “அண்ணன், முதலாவதா ஆரை எடுக்கிற? போனமுறை கூட ஓட்டம் அடிச்சவனையா, கடைசி ஓவர் போடுறவனையா?”

இதைக் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் ஓட்டப் பட்டியலோடு வருவார்கள். மீதிப்பேர் “நான் கண்ணால பார்த்தன், அவன்தான் ஆள்” என்பார்கள். இரண்டு தரப்பும் யார் சிறந்தவர் என்றுதான் வாதாடுகிறது. ட்ராஃப்டில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இவரை இப்போது விட்டால், என் முறை திரும்பி வரும்போது அந்த இடத்துக்கு யார் மிஞ்சுவார்? இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

ஊருக்கு ஊர் விதி மாறும். இங்கே நான் எடுத்துக்கொள்வது பரவலாக இருக்கும் ஓர் அமைப்பு: எட்டு அணி, அணிக்கு 11 பேர், பத்து ஓவர், ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு ஓவர். தெரிவு ஒரு சுற்றில் ஒன்றிலிருந்து எட்டுக்குப் போய், அடுத்த சுற்றில் எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். உங்கள் ஊரில் ஒருவருக்கு மூன்று ஓவர் என்றால் பந்துவீச்சாளரின் மதிப்பு அப்படியே ஒன்றரை மடங்கு ஏறிவிடும். ஆகவே விதித்தாளை முதலில் கையில் வாங்குங்கள்.

## எதை வைத்து அளப்பது

எத்தனை பந்து அவர் கையில்? ஓர் இன்னிங்ஸில் 60 பந்து. தொடக்க வீரர் நின்றுவிட்டால் இருபது, இருபத்தைந்து பந்து சந்திப்பார். பந்துவீச்சாளருக்கு 12 பந்துதான், ஆனால் அது நிச்சயமான 12. தொடக்க வீரர் முதல் பந்திலேயே போய்விடலாம்.

பொது வேகத்தைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய? நம் ஊர் விவாதங்களில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். ஒருநாள் போட்டியில் 300 பந்துக்குப் பத்து விக்கெட், அதாவது ஒரு விக்கெட்டுக்கு 30 பந்து. இருபது ஓவரில் 12 பந்து. பத்து ஓவரில் வெறும் ஆறு. விக்கெட் இவ்வளவு மலிவான ஆட்டத்தில் சராசரியைத் தூக்கிப் பிடிப்பதில் பெரிய அர்த்தமில்லை. வேகம்தான் கணக்கு.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுற்றுப்போட்டியின் பொது வேகம் ஓவருக்கு ஒன்பது, அதாவது பந்துக்கு ஒன்றரை ஓட்டம். முதலாமவர் எட்டு இன்னிங்ஸில் 160 பந்தில் 240 ஓட்டம். இரண்டாமவர் எட்டு இன்னிங்ஸில் 75 பந்தில் 150 ஓட்டம். பட்டியலில் முதலாமவர் மேலே நிற்பார், கிண்ணமும் அவருக்குத்தான் போகும். ஆனால் 160 பந்தைப் பொது வேகத்தில் ஆடினாலே 240 வந்துவிடும். அவர் அணிக்குக் கூடுதலாகக் கொடுத்தது ஒன்றுமில்லை. இரண்டாமவருடைய 75 பந்துக்குப் பொதுக்கணக்கு 112 அல்லது 113. மேலதிகமாக 37 ஓட்டத்துக்குக் குறையாமல் கொடுத்திருக்கிறார். ஆட்டத்துக்கு நாலரைக்கு மேல். பத்து ஓவர் ஆட்டங்கள் எத்தனை நாலு, ஐந்து ஓட்டத்தில் முடிகின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

பந்துவீச்சுக்கும் இதே கணக்குத்தான். யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காகத் தன் முதல் ஐபிஎல் ஆட்டத்தை ஆடினார். நான்கு ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை. விக்கெட் நிரலை மட்டும் பார்க்கிறவர் “ஒண்டும் இல்லையே” என்பார். எதிரணி லக்னோ 20 ஓவரில் எடுத்தது 165, நான்கு ஓவருக்கு 33 வீதம். அந்த இன்னிங்ஸின் வேகத்தைவிட ஆறு ஓட்டம் குறைவாகத்தான் அவர் கொடுத்திருக்கிறார்.

விட்டால் யார் மிஞ்சுவார்? முதலாவது தெரிவு உங்களுடையது என்றால், அடுத்த முறை உங்களுக்கு 16 ஆவது தெரிவில்தான் வரும். இடையில் 14 பேர் போய்விடுவார்கள். நான்காவதாக நிற்பவருக்கு 4, 13, 20. கடைசியாக நிற்பவருக்கு எட்டும் ஒன்பதும் அடுத்தடுத்து.

இன்னொரு கற்பனைக் கணக்கு. பட்டியலின் முதல் தொடக்க வீரர் ஆட்டத்துக்கு எட்டு ஓட்டம் கூடுதலாகக் கொடுப்பார். முதல் கடைசி ஓவர்காரர் ஏழு ஓட்டம் மிச்சப்படுத்துவார். எண்ணை மட்டும் பார்த்தால் எட்டுப் பெரியது. ஆனால் 16 ஆவது தெரிவில் கிடைக்கும் தொடக்க வீரரும் ஆறு கொடுப்பார்; அப்போது மிஞ்சும் பந்துவீச்சாளரோ இரண்டுதான் மிச்சப்படுத்துவார் என்றால்? துடுப்பாட்டக்காரரை முதலில் எடுத்தால் எட்டும் இரண்டும் பத்து. பந்துவீச்சாளரை முதலில் எடுத்தால் ஏழும் ஆறும் பதின்மூன்று. மூன்று ஓட்டம் சும்மா வருகிறது, வரிசையை மாற்றியதற்காக மட்டும்.

வருவாரா? வெளிநாட்டு லீக்குகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதை ஓர் அளவுகோலாகவே நினைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் பாதி ஆட்டத்தைத் தீர்மானிப்பது இதுதான். பெரும்போக அறுவடை நடக்கும் நாட்களில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பொடியன்கள் வயலில் நிற்பார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் அந்த ஊர்க்காரர் கோயிலை விட்டு அசையமாட்டார், அசையவும் கூடாது. கதிர்காமப் பாதயாத்திரைக்குக் கிளம்பிய ஆள் உகந்தையில் இருப்பார், உங்கள் அரையிறுதியில் இருக்கமாட்டார். நோன்பு மாதத்தில் இரவு ஆட்டம் வைத்தால் கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடிப் பக்கத்து வீரர்கள் வசதியாக வருவார்கள்; பகலில் வைத்தால் அந்தத் திட்டத்தையே மறந்துவிடலாம். இரவில் கடலுக்குப் போகிறவர் காலை ஒன்பது மணி ஆட்டத்தில் எந்தத் தெம்போடு பந்து போடுவார்?

எத்தனை ஆட்டத்தின் கணக்கு? எட்டு இன்னிங்ஸ் மிகக் கொஞ்சம். ஒருவருடைய பெரிய இன்னிங்ஸ் ஒன்றை எடுத்துவிட்டு மீதி ஏழைப் பாருங்கள். முழுச் சோபையும் அந்த ஒன்றோடு போய்விட்டால், அவரை மூன்றாம் சுற்றுக்குத் தள்ளுங்கள்.

## தெரிவு ஒன்று: ஓட்டம் குவிக்கும் தொடக்க வீரர்

ஆட்டத்தின் போக்கைத் தனி ஒருவராகத் தூக்கிக்கொண்டு போகக்கூடியவர் இவர்தான். கூட்டம் வருவதும் இவருக்காகத்தான். அனுசரணையாளர் சட்டையில் பெயர் போடுவதும் இவரைப் பார்த்துத்தான். அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. ஊர்ச் சுற்றுப்போட்டி அதில்தான் ஓடுகிறது.

அவருடைய எண்கள் எந்த மைதானத்தில் வந்தவை என்று கட்டாயம் பார்க்கவேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் கரையோர மைதானத்தில் காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். ஆடுகளம் வடக்குத் தெற்காக இருந்தால், வடக்கு முனையில் நிற்கும் வலதுகைக்காரருக்கு லெக் பக்கம் கிழக்கே, கடல் பக்கம். சும்மா தூக்கிவிட்டாலே காற்று பந்தைக் கொண்டுபோய் எல்லைக்கு வெளியே போடும். தெற்கு முனையில் அதே அடியை அடித்தால் காற்றுக்கு எதிரே நின்று, மிட்விக்கெட்டில் பிடியாகும். ஆகவே ஒரே வீரர் ஒரே நாளில் இரண்டு முனையில் இரண்டு ஆளாகத் தெரிவார். ஸ்கோர் புத்தகத்தில் இது எங்கும் எழுதியிருக்காது. கண்ணால் பார்த்தவர் சொல்வதை நான் முழு மரியாதையோடு கேட்பது இந்த இடத்தில்தான்.

மறைந்திருக்கும் செலவு: இவரை எடுத்தால் தொடக்க இடத்தையும் எடுத்த மாதிரி. இரண்டாம் சுற்றில் இன்னொரு நல்ல தொடக்க வீரர் கிடைத்தாலும் அவரை ஐந்தாவதாக இறக்கினால் பாதி மதிப்பு போய்விடும். அடுத்தது, அவர் நின்று ஆடுகிறவர் என்றால் மற்றவர்களின் பந்தையும் சேர்த்து அவரே சாப்பிடுகிறார். 2014 உலக இருபதுக்கு இருபது இறுதியில் விராட் கோலி 58 பந்தில் 77 அடித்தார். இந்தியா 130 தான் எடுத்தது, இலங்கை ஆறு விக்கெட்டால் வென்றது. பழி கோலியுடையது இல்லை. ஆனால் அதிக ஓட்டம் எடுத்தவர் யார் என்ற பட்டியல் வெற்றியைச் சொல்லாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தேவையில்லை.

## தெரிவு இரண்டு: கடைசி ஓவர் போடுபவர்

அதே இறுதியாட்டத்தின் மறுபக்கம் இது. கடைசி நான்கு ஓவரில் இந்தியா எடுத்தது 19 ஓட்டம். நின்றது கோலி, யுவராஜ், தோனி. லசித் மாலிங்க அந்த ஆட்டத்தில் ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை. விக்கெட் பட்டியலை வைத்து ட்ராஃப்ட் செய்கிறவர் அவரைத் தாண்டிப் போயிருப்பார்.

2019 ஐபிஎல் இறுதியைப் பற்றி இப்போதும் இங்கே சண்டை ஓயவில்லை. மாலிங்க தன் முதல் மூன்று ஓவரில் 42 கொடுத்திருந்தார். சென்னைக்குக் கடைசி ஓவரில் ஒன்பது வேண்டும். மும்பை பந்தை அவரிடமே கொடுத்தது. ஏழு கொடுத்து, கடைசிப் பந்தில் ஷர்துல் தாக்கூரை எல்பிடபிள்யூ ஆக்கி, ஒரு ஓட்டத்தால் வென்றார்கள். கண்ணால் பார்த்த கட்சி இதைத்தான் எடுத்துக் காட்டும். எண் கட்சியோ அவருடைய 49 ஓட்டத்தையும், அதே ஆட்டத்தில் நான்கு ஓவரில் 14 மட்டும் கொடுத்து இரண்டு விக்கெட் எடுத்த பும்ராவையும் காட்டும். ஆட்டநாயகன் விருது பும்ராவுக்குத்தான் போனது. என் தீர்ப்பு: அந்த ஆட்டத்தை வென்று கொடுத்தவர் பும்ரா, அதைக் காப்பாற்றியவர் மாலிங்க. முதல் தெரிவு பும்ராவுக்குத்தான். ஆனால் எட்டு அணியிலும் கடைசி ஓவரை நடுங்காமல் போடக்கூடியவர் இரண்டே பேர் என்றால், மாலிங்கவை இரண்டாம் சுற்று வரைக்கும் விட்டுவைக்கமாட்டேன்.

மென்பந்தில் இந்த ஆட்கள் ஏன் இவ்வளவு அரிது? டென்னிஸ் பந்து துள்ளும். கொஞ்சம் குட்டையாகப் போட்டாலும் துடுப்புக்கு வாகான உயரத்துக்கு வந்து நிற்கும். காலடியில் யோக்கர் விழுத்தத் தெரிந்தவனுக்குத்தான் கடைசி ஓவரில் பிழைப்பு. அதை ஓவருக்கு நான்கு தரமாவது சரியாகப் போடுகிறவர் ஊருக்கு ஒருவரோ இருவரோதான். தொடக்கத்தில் சுழற்றி அடிக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

பொருளாதார வீதத்தை, அதாவது ஓவருக்குச் சராசரியாகக் கொடுத்த ஓட்டத்தை, அப்படியே நம்பவேண்டாம். இரண்டாவது, மூன்றாவது ஓவரில் ஓவருக்கு ஏழு கொடுப்பவரும், ஒன்பதாவது, பத்தாவது ஓவரில் ஓவருக்கு ஒன்பது கொடுப்பவரும் ஒன்றில்லை. கடைசி ஓவர்களின் பொது வேகம் பதின்மூன்று என்றால் இரண்டாமவர் இரண்டு ஓவரில் எட்டு ஓட்டம் மிச்சப்படுத்துகிறார். இன்னொன்று, ஊர் ஸ்கோர் புத்தகத்தைத் திறந்து வைட் எங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வைட்டும் நோ போலும் பந்துவீச்சாளரின் கணக்கில் சேரவேண்டும். பல புத்தகங்களில் அது உதிரி ஓட்டத்தில் மட்டும் விழுந்திருக்கும். ஓவருக்கு மூன்று வைட் போடுகிறவரும் அப்படித்தான் சுத்தமாகத் தெரிவார்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. மிக வேகமாகப் போடுகிறவர் மேல், கையை மடக்கி “எறியிறான்” என்ற முறைப்பாடு எப்போதும் இருக்கும். லீக் ஆட்டத்தில் கண்டுகொள்ளாத நடுவர் இறுதியாட்டத்தில் நோ போல் கொடுத்தால் உங்கள் முதல் தெரிவு ஓரமாக நிற்கவேண்டியதுதான். அடுத்தது களைப்பு. நல்ல பந்துவீச்சாளரை ஒரே வார இறுதியில் மூன்று ஊர்க்காரர் கூப்பிடுவார்கள். சனி காலை அக்கரைப்பற்றில் போட்டுவிட்டு மாலை களுவாஞ்சிகுடிக்கு வரும் கை அதே கை இல்லை.

## தெரிவு மூன்று: சகலதுறை வீரர்

1996 மார்ச் 17, லாகூர், உலகக்கிண்ண இறுதியாட்டம். அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட், இரண்டு பிடி, ஆட்டமிழக்காமல் 107. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. சகலதுறை வீரர் என்றதும் கை தானாக உயரும். 2023 எல்பிஎல்லில் (லங்கா பிரீமியர் லீக்) வனிந்து ஹசரங்க அதிக ஓட்டமும் (279) அதிக விக்கெட்டும் (19) தானே எடுத்தார், கிண்ணமும் அவருடைய கண்டி அணிக்குத்தான் போனது. அப்படி ஒருவர் உங்கள் பட்டியலில் இருந்தால் மேற்கொண்டு இதை வாசிக்கவேண்டாம், அவரை எடுங்கள்.

ஆனால் ட்ராஃப்ட் பட்டியலில் ‘சகலதுறை’ என்று பதிவு செய்கிறவர்களில் பெரும்பாலானோர் ஆறாவதாக வந்து எட்டுப் பந்து ஆடி, நடுவில் ஒரு ஓவர் போடுகிறவர்கள். சோதனை எளிது. பந்துவீசமாட்டேன் என்று சொன்னாலும் துடுப்புக்காக அணியில் இடம் கொடுப்பீர்களா? துடுப்பைத் தொடமாட்டேன் என்றாலும் பந்துக்காக? ஒன்றுக்காவது ஆம் என்று வந்தால் முதல் இரண்டு சுற்றுக்குள் எடுக்கலாம். இரண்டுக்கும் இல்லை என்றால் ஏழாவது சுற்றிலும் அவரைப் போன்றவர்கள் இருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மிகவும் பெறுமதியானவர்கள், ஏனென்றால் ஒருவர் வராத நாளில் இரண்டு ஓட்டையை அடைப்பவர் அவரே.

## தெரிவு நான்கு: விக்கெட் காப்பாளர், அல்லது புதுப் பொடியன்

காப்பாளரை முதல் சுற்றில் எடுக்கவேண்டாம். மென்பந்தில் நல்ல காப்பாளர் வேண்டும், ஆனால் ஐந்தாம் சுற்றில் கிடைப்பார்.

புதுப் பொடியன் கதை வேறு. வியாஸ்காந்தை 2020 முதல் எல்பிஎல்லில் யாழ்ப்பாண அணி பதின்ம வயதில் களமிறக்கியதால்தான் மற்றவர்கள் கண்ணில் பட்டார். பாடசாலைக் கடினப்பந்து ஆடுகிற பொடியனை ஊரில் யாரும் பார்த்திராவிட்டால், அவனை ஆறாம் சுற்றில் எடுப்பது மலிவான பந்தயம். முதல் சுற்றில் எடுப்பது அந்தப் பிள்ளையின் தலையில் பாரம் ஏற்றுவது. ஓஎல், ஏஎல் பரீட்சைத் திகதியையும் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். தாய் தகப்பனிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | தொடக்க வீரர் | கடைசி ஓவர்காரர் | சகலதுறை வீரர் | புதுப் பொடியன் |
|---|---|---|---|---|
| கையில் உள்ள பந்து | 0 முதல் 25 வரை | நிச்சயமாக 12 | இரண்டும் சேர்த்து 20 அளவில் | சொல்ல முடியாது |
| பட்டியலில் எத்தனை பேர் | நிறைய | மிகக் குறைவு | பெயருக்கு நிறைய, உண்மையில் ஒன்றிரண்டு | நிறைய |
| பார்க்கவேண்டிய எண் | பொது வேகத்துக்கு மேல் எடுத்த ஓட்டம் | கடைசி ஓவர்களில் கொடுத்தது, வைட் சேர்த்து | இரண்டில் பலமான பக்கத்தின் எண் மட்டும் | எண் இல்லை, வலைப்பயிற்சி |
| மறைந்த செலவு | பந்தைத் தின்பது, மைதானமும் காற்றும் | எறிகிறார் என்ற முறைப்பாடு, களைப்பு | இரண்டிலும் அரைகுறை | பரீட்சை, பயம் |
| எப்போது சரி | அடுத்தடுத்து இரண்டு தெரிவு இருந்தால் | முதல் மூன்று தெரிவுக்குள் என்றால் | உண்மையானவர் மிஞ்சியிருந்தால் | ஆறாம் சுற்றிலிருந்து |

## நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்

ஒன்று, இரண்டு, மூன்றில் நிற்பவர் அடுத்த முறைக்கு நெடுநேரம் காத்திருக்கவேண்டும். ஹசரங்க மாதிரி ஒருவர் இல்லாவிட்டால் கடைசி ஓவர்காரரை எடுங்கள். எட்டில் நிற்பவருக்கு இரண்டு தெரிவு ஒன்றாக வருகிறது. அதில் வேகமாக அடிக்கும் தொடக்க வீரரையும் மிஞ்சிய நல்ல பந்துவீச்சாளரையும் சேர்த்தே எடுக்கலாம், அதுதான் எனக்குப் பிடித்த இடம். நடுவில் நிற்பவருக்குத்தான் தலையிடி. நான்கு அல்லது ஐந்து என்றால், உங்களுக்கு முன்னே போனவர்களில் எத்தனை பேர் பந்துவீச்சாளர் என்று எண்ணுங்கள். இரண்டு பேர் போய்விட்டால் பந்துவீச்சாளருக்குப் பின்னால் ஓடவேண்டாம். மூன்றாவது நல்லவர் பெரும்பாலும் இருக்கமாட்டார், துடுப்புப் பக்கம் திரும்புங்கள்.

அரிது என்பதற்காகவே ஒருவரை எடுப்பதிலும் ஆபத்து உண்டு. அதற்கு நம் ஊரில் கூடைப்பந்து பார்த்த பெரியவர்கள் சொல்லும் உதாரணமே போதும். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் கூடைப்பந்தை வளர்த்த ஊர் இது, வெபர் மைதானத்தின் பெயரே அவர்களில் ஒருவருடையது. ஆகவே அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ கதை இங்கே அந்நியமில்லை. 1984 ட்ராஃப்டில் போர்ட்லண்ட் அணிக்கு இரண்டாவது தெரிவு. கிளைட் ட்ரெக்ஸ்லர் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தார், அதே இடத்தில் ஆடும் இன்னொருவர் எதற்கு என்று நினைத்து, உயரமான நடுவீரர் சாம் போவியை எடுத்தார்கள். மூன்றாவது தெரிவில் சிகாகோ மைக்கல் ஜோர்டனை எடுத்தது. பிறகு சிகாகோவுக்கு ஆறு கிண்ணம். போவி கல்லூரியிலேயே கால் முறிவால் இரண்டு பருவம் ஆடாமல் இருந்தவர். அரிதான இடம் என்பதில் கண் வைத்தவர்கள், ஆளுக்கு ஆள் உள்ள தூரத்தையும் காயப்பட்ட காலையும் பெரிதாக எடுக்கவில்லை.

ஆகவே மேலே சொன்ன பதின்மூன்று, பத்துக் கணக்கைப் போடும்போது இரண்டு பக்கமும் நேர்மையாகப் போடுங்கள். தொடக்க வீரர் எட்டுக்குப் பதில் பதினைந்து கொடுப்பவர் என்றால் அவர்தான் ஜோர்டன். பந்துவீச்சாளரை விட்டுவிட்டு அவரை எடுங்கள். காயம் பட்ட தோளோடு சுற்றுகிற யோக்கர்காரருக்கு எந்தக் கணக்கும் உதவாது.

ட்ராஃப்டுக்கு முந்திய இரவில் செய்யவேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. உங்கள் முதல் ஐந்து பெயருக்கும் அழைப்பு எடுத்து, அரையிறுதித் திகதியையும் இறுதியாட்டத் திகதியையும் சொல்லி, நேரடியாகக் கேளுங்கள். “அண்டைக்கு நிப்பியா, தம்பி?” என்றதும் “நிப்பன்” என்று உடனே வந்தால் பெயரை அப்படியே வைத்திருங்கள். “பார்த்துச் சொல்றன் அண்ணன்” என்று வந்தால், அவருடைய எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு சுற்றுக் கீழே எழுதுங்கள்.